போர் முடிந்த சேதி வழியில் வருகிறது

செல்போன் வருவதற்கு முன்பு, எருமப்பட்டியிலிருந்து லைன் வண்டிக்குப் போன லாரி டிரைவரைப் பற்றி அவர் வீட்டுக்குத் தெரிந்திருந்தது கொஞ்சம்தான். நாமக்கல்லில் லோடு ஏற்றினார். கல்கத்தாவுக்கோ கவுகாத்திக்கோ போகிறார். கூடவே கிளீனர் பையன் ஒருவன். அத்தோடு சரி. இருபது நாள், ஒரு மாதம் என்று ஓடும். வழியில் எஸ்.டி.டி. பூத் அகப்பட்டால் புக்கிங் ஆபீசுக்கு ஒரு போன். அகப்படாத இடத்தில், தாபாவில் நிற்கும் வண்டிகளில் டிஎன் 28 என்ற நாமக்கல் எண்ணைக் கண் தேடும். "அண்ணே, ஊருக்குப் போனீங்கன்னா எங்கூட்டுல ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நல்லாத்தான் இருக்கறேன், வர இன்னொரு வாரம் ஆகும்னு." அந்த அண்ணன் ஊர் திரும்ப ஆறு நாள் ஆகும். வாசலுக்கு வந்து நிற்கும்போது சேதிக்கு வயது ஆறு நாள்.

அந்த ஆறு நாளில் என்னென்னவோ நடந்திருக்கலாம். கொல்லிமலை அடிவாரத்தில் அவர் மனைவி நிம்மதியாக இருக்கும் அதே நேரத்தில், ஒடிசாவில் எங்கோ அச்சு முறிந்து வண்டி நிற்கலாம். சேதி லாரியைவிட வேகமாகப் போக முடியாத உலகம் அது.

இந்த உலகத்தை அப்படியே தூக்கி நட்சத்திரங்களுக்கு நடுவே வைத்துக் கதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ராணுவ அறிவியல் புனைகதை என்று அந்த வகைக்குப் பெயர். விண்வெளிக் கடற்படைகள், சூரியமண்டலங்களை ஆளும் பேரரசுகள், ஆயிரம் ஆண்டு தள்ளி நடக்கும் போர்கள். பீரங்கி பொருத்திய பெருங்கப்பல்கள்தான் அட்டைப்படத்தில் இருக்கும். ஆனால் கதையை நகர்த்துவது பெரும்பாலும் வேறொரு கப்பல்: சின்னது, வேகமானது, ஆயுதம் இல்லாதது அல்லது பேருக்கு ஒன்றிரண்டு உள்ளது, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் ஓட்டுவது. அதன் சரக்கு சேதி மட்டும்தான். 1977இல் வெளிவந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். படம் தொடங்குவதே, எதிரியின் ரகசிய வரைபடங்களைச் சுமந்து ஓடும் ஒரு கப்பலைப் பெரிய போர்க்கப்பல் விரட்டிப் பிடிப்பதில்தான்.

ரேடியோ இருக்கும்போது சேதிக்கு எதற்குக் கப்பல் என்று கேட்கலாம். ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போகிறது, வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர். பூமிக்கு இது தாராளம். சூரியமண்டலத்துக்குள்ளேயே இழுபறி தொடங்கிவிடுகிறது. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது, அங்கிருந்து ஒரு சமிக்ஞை பெங்களூருக்கு வர சுமார் 12 நிமிடம் ஆனது. எஞ்சினை எப்போது எரிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளைகளை இஸ்ரோ பல நாள் முன்பே கலத்துக்குள் ஏற்றி வைத்துவிட்டது. கோளாறு என்று கலம் சொல்லி, அது காதில் விழுந்து, பதில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சூரியனுக்கு அடுத்துள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரிக்கோ ஒளியே போய்ச் சேர 4 ஆண்டுக்கு மேல் ஆகும். அங்கே ஒரு போர் நடந்தால் "உதவி வேண்டும்" என்ற ரேடியோ அழைப்பு நான்கு ஆண்டு கழித்துத்தான் இங்கே கேட்கும்.

கதாசிரியர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டார்கள். விண்வெளியைத் தாண்டிக் குதிக்கும் எஞ்சின் ஒன்றைக் கற்பனை செய்து, அது கப்பலில் மட்டும்தான் பொருத்த முடியும், ரேடியோவுக்குக் கிடையாது என்று விதி வைத்தார்கள். விதி இப்படி ஆனதும் சேதி மறுபடி லாரி ஏறிவிட்டது.

விதி கற்பனை. அதன் விளைவுகள் நடந்தவை. அவற்றைப் பார்க்க நட்சத்திரங்களுக்குப் போக வேண்டாம், கடலூருக்குப் போனால் போதும்.

1783ஆம் ஆண்டு. அமெரிக்க விடுதலைப் போரை ஒட்டி பிரிட்டனும் பிரான்சும் உலகம் முழுக்க மோதிக்கொண்டிருந்தன. நம் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் மைசூரோடு கூட்டு. ஹைதர் அலி 1782 டிசம்பரில் இறந்து, திப்பு சுல்தான் பொறுப்பேற்றிருந்தார். எருமப்பட்டியும் நாமக்கல்லும் சேலமும் அடங்கிய இந்தச் சீமை அப்போது மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. 1792 உடன்படிக்கையில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கோட்டைக்குள். ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் கம்பெனிப் படை வெளியே. ஜூன் 13 அன்று நடந்த தரைச் சண்டையில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர். ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே கடற்சண்டை. பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனிடம் 15 கப்பல்கள், பிரிட்டிஷ் அட்மிரல் ஹியூஸிடம் 18. பீரங்கிக்கு ஆள் போதாமல் புஸ்ஸியின் படையிலிருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் சஃப்ரன் சண்டைக்குப் போனார். ஒரு கப்பலும் மூழ்கவில்லை. இரு தரப்பிலும் நூறு பேர் அளவில் செத்தார்கள். குடிநீர்த் தட்டுப்பாடும் ஸ்கர்வி நோயும் சேர்ந்துகொள்ள ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். கரையில் ஸ்டூவர்ட்டின் படை தனியாக மாட்டிக்கொண்டது. ஜூன் 25 அன்று கோட்டைக்குள்ளிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பாய்ந்து வந்து தாக்கினார்கள்; அது தோற்றது. அதிலும் உயிர்கள் போயின.

பிரிட்டனும் பிரான்சும் அதற்குள் சமாதானமாகிப் போயிருந்தன. வெர்சாயில் பூர்வாங்க உடன்படிக்கையில் கையெழுத்தானது ஜனவரி 20 அன்று. கடற்சண்டை நடந்த நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு.

ஜூன் 29 அன்று 'மேடியா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், வேகத்துக்குப் பேர்போன ஃபிரிகேட் வகையைச் சேர்ந்தது, வெள்ளைக்கொடி ஏற்றிக்கொண்டு கடலூர்க் கடலுக்குள் வந்தது. அது கொண்டுவந்தது சமாதானச் சேதி. கையெழுத்தாகி 160 நாள் ஆகியிருந்தது. முற்றுகை நின்றது. மங்களூரில் திப்புவோடு சேர்ந்து சண்டையிட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுப் படைப்பிரிவும் விலகிக்கொண்டது. ஒரு கப்பலில் வந்த காகிதம் மைசூர்ப் போரின் கணக்கையே மாற்றிவிட்டது.

இதில் வியப்பு என்னவென்றால், கையெழுத்துப் போட்டவர்களுக்கு இப்படி நடக்கும் என்று தெரியும். உடன்படிக்கையிலேயே தூரத்துக்கு ஏற்ற தவணை எழுதியிருந்தார்கள். ஒப்புதல் பத்திரங்கள் மாற்றிக்கொண்ட நாளிலிருந்து ஆங்கிலக் கால்வாயில் 12 நாள், கனேரித் தீவுகள் வரை ஒரு மாதம், அங்கிருந்து பூமத்தியரேகை வரை இரண்டு மாதம், உலகத்தின் மற்ற இடங்களில் ஐந்து மாதம். அதுவரை பிடித்த கப்பல் பிடித்ததுதான், கேள்வி கிடையாது. ஒப்புதல் மாற்றிக்கொண்டது பிப்ரவரி 3 அன்று. ஆக, சட்டப்படி கடலூர்க் கடலில் சமாதானம் பிறக்க வேண்டியது ஜூலை 3 அன்று. சமாதானமே கப்பல் வேகத்தில் ஊர்ந்து வருகிறது என்பதை ஒத்துக்கொண்டு எழுதிய காகிதம் அது. எந்த அறிவியல் கதாசிரியரும் இதைவிடக் கச்சிதமாக யோசித்திருக்க மாட்டார்.

இது இங்கே மட்டும் நடந்த கூத்தும் அல்ல. 1814 டிசம்பர் 24 அன்று பிரிட்டனும் அமெரிக்காவும் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் சமாதானம் செய்துகொண்டன. அது தெரியாமல் 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்சில் பெரிய சண்டை போட்டார்கள். ஜோ ஹால்ட்மன் 1974இல் வெளியிட்ட 'தி ஃபாரெவர் வார்' நாவல் இதே வேதனையை நூற்றாண்டுக் கணக்கில் நீட்டுகிறது. ஒளி வேகத்துக்கு அருகில் பறக்கும் சிப்பாய்க்குச் சில மாதம்தான் கழிகிறது, ஊரில் தலைமுறைகள் போய்விடுகின்றன. ஹால்ட்மன் வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பியவர். ஊர் திரும்பும் சிப்பாய்க்கு ஊர் அந்நியமாகிப் போவதை எழுத அவருக்குக் கற்பனை அதிகம் தேவைப்பட்டிருக்காது.

கப்பல் வந்து நின்றுவிட்டால் மட்டும் சேதி வந்துவிட்டதா? சோழமண்டலக் கரையில் அது தனிக் கதை. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கோட்டைக்கு எதிரே கப்பல்கள் கரையைவிட்டுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் வரிசை வரிசையாகக் கரையில் உடையும் அலை. ஐரோப்பியக் கப்பலின் சிறு படகுகள் அந்த அலையில் சிதறிப் போகும். சரக்கும் ஆட்களும் இறங்கியது மசூலா படகில். பலகைகளை ஆணியே இல்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் உடையாது, வளைந்து கொடுக்கும். புதுச்சேரிப் பக்கம் சலங்கு என்ற பெயர் வழங்கியது.

கடல் இன்னும் கொந்தளித்தால் மசூலாவும் இறங்காது. அப்போது போவது கட்டுமரம். கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் முடிந்தது. உள்ளே தண்ணீர் புக உள் என்ற ஒன்றே இல்லை. இரண்டு மூன்று பேர் மண்டிபோட்டுத் துடுப்பு வலிப்பார்கள். அலை தூக்கி எறிந்தால் நீந்தி வந்து மறுபடி ஏறிக்கொள்வார்கள். கோட்டையிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து கோட்டைக்கும் போகும் கடிதங்கள் அவர்கள் தலையில் இருக்கும். தண்ணீர் புகாத கூம்புத் தொப்பி ஒன்றில் காகிதத்தைச் செருகித் தலையில் இறுகக் கட்டிக்கொள்வது வழக்கம். ஆள் முழுகினாலும் கடிதம் நனையக் கூடாது! சென்னைக்கு வந்திறங்கிய வெள்ளைக்காரப் பயணிகள் ஒருவர் விடாமல் இந்தத் தொப்பியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள் என்றே சொல்லலாம். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் அச்சிட்ட பயண நூலிலேயே கட்டுமரம் வந்துவிட்டது. தமிழ்ச் சொல் அப்படியே ஆங்கில அகராதிக்கும் போயிற்று. இன்று உலகில் அந்தப் பெயரில் ஓடுவது இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுகள். அவற்றுக்கும் நம் கட்டுமரத்துக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

உலகைச் சுற்றி ஆறு மாதம் பயணம் செய்து வந்த ராஜாங்கக் கடிதம் கடைசி ஒரு மைலைக் கடக்க ஒரு பட்டினவ மீனவரின் தலை தேவைப்பட்டது. அவர் ஒரு நாள் மறுத்திருந்தால் கோட்டைக் கவர்னருக்கு லண்டன் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

கப்பல் வருகை என்பது எவ்வளவு பெரிய நிகழ்ச்சி என்று அறிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய குறிப்புகள் அவை. எந்தக் கப்பல் வந்தது, யார் இறங்கினார், எத்தனை பீரங்கி மரியாதை, என்ன கடிதம் வந்ததாகப் பேச்சு என்பதெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வரும். கடற்கரையில் பாய் தெரிந்தால் ஊரே கணக்குப் போடத் தொடங்கும். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த சென்னை, 1748 அக்டோபரில் ஐரோப்பாவில் நடந்த உடன்படிக்கையால் 1749இல்தான் ஆங்கிலேயரிடம் திரும்பியது. இடைப்பட்ட மாதங்களில் இந்த ஊர் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் நடுக்கடலில் ஒரு கப்பலின் பெட்டிக்குள் இருந்தது.

இனிக் கப்பலுக்குள் இருந்தவர்கள்.

சேதிக்கப்பல் வரலாற்றில் பேர்போனது 'பிக்கிள்'. 1805 அக்டோபர் 21 அன்று ஸ்பெயினை ஒட்டிய டிரஃபால்கர் முனையில் பிரிட்டிஷ் கடற்படை பெரும் வெற்றி பெற்றது. தளபதி நெல்சன் செத்துப்போனார். லண்டனுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும். பெரிய கப்பல்களெல்லாம் அடிபட்டுக் கிடக்க, அங்கிருந்தவற்றில் ஆகச் சிறிய கப்பல்களில் ஒன்றான பிக்கிளை லெப்டினென்ட் லாபெனோட்டியர் என்பவரிடம் கொடுத்து அனுப்பினார்கள். அக்டோபர் 26 அன்று கிளம்பியது. வழியில் புயல். கப்பலுக்குள் தண்ணீர் ஏற, எடையைக் குறைக்கப் பீரங்கிகள் சிலவற்றைக் கடலில் தள்ளிவிட்டார்கள். போர்க்கப்பல் தன் பீரங்கியைத் தானே கடலில் போடுவது சின்ன விஷயமல்ல. இங்கே சரக்கு காகிதம், பீரங்கி வெறும் பாரம். நவம்பர் 4 அன்று ஃபால்மத் கரை. அங்கிருந்து குதிரை வண்டியில் 271 மைலை 38 மணி நேரத்தில் கடந்தார் லாபெனோட்டியர். குதிரை மாற்றியது 21 தடவை. நவம்பர் 6 அதிகாலை ஒரு மணி வாக்கில் கடற்படைத் தலைமையகத்தின் கதவைத் தட்டினார். வழிச்செலவுக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதிக் கொடுத்தார்: 46 பவுண்டு, 19 ஷில்லிங், ஒரு பென்னி. நாமக்கல் டிரைவர் டிரிப் முடிந்து டோல், டீசல், போலீஸ், பஞ்சர் என்று ஓனரிடம் கொடுக்கும் கணக்கு எப்படியோ அப்படி.

இன்னொரு வேடிக்கை. வழியில் எதிர்ப்பட்ட 'நாட்டிலஸ்' கப்பலின் கேப்டனுக்கும் விஷயம் தெரிந்து, அவரும் வேறு துறைமுகத்தில் இறங்கி லண்டனுக்கு வண்டி பிடித்தார். இருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். முந்தியவர் லாபெனோட்டியர். அவருக்குப் பதவி உயர்வும் 500 பவுண்டு பரிசும் கிடைத்தன. வெற்றிச் சேதி கொண்டுபோகிறவருக்குப் பதவி உயர்வு தருவது அந்தக் கடற்படையில் எழுதப்படாத வழக்கம். அதனாலேயே தளபதிகள் தமக்கு வேண்டிய இளைஞனைச் சேதியோடு அனுப்புவார்கள். தோல்விச் சேதிக்கு யாரை அனுப்பினார்கள் என்பது தனி ஆராய்ச்சி.

இந்தக் கடற்படை உலகத்தைத்தான் டேவிட் வெபர் என்ற அமெரிக்க எழுத்தாளர் வானத்துக்குக் கொண்டுபோனார். ஆனர் ஹாரிங்டன் என்ற பெண் தளபதியை வைத்து அவர் எழுதிய தொடரின் முதல் நாவல் 'ஆன் பேஸிலிஸ்க் ஸ்டேஷன்' 1993இல் வந்தது. நெல்சன் காலக் கடற்படையைப் பற்றி ஹார்ன்பிளோயர் என்ற நாயகனை வைத்து நாவல்கள் எழுதிய சி.எஸ். ஃபாரஸ்டருக்கு அதைக் காணிக்கையாக்கியிருக்கிறார். வெபரின் உலகில் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சேதி போக டிஸ்பாட்ச் படகுகள்தான் உண்டு. முதல் நாவலின் உச்சக்கட்டமே ஒரு துரத்தல். தொலைவில் காத்திருக்கும் பகைக் கடற்படையை நோக்கி ஒரு கப்பல் ஓடுகிறது. அது போய்ச் சேர்ந்தால் பெரும்போர் மூளும். ஆனரின் சின்னக் கப்பல் தன் ஆட்களில் பலரைப் பலிகொடுத்து அதைத் தடுக்கிறது. சண்டையின் பரிசு ஊரோ கோட்டையோ அல்ல. ஒரு சேதி போகாமல் இருப்பது.

வெபரின் கதைகளில் குறையும் உண்டு. ஏவுகணைகளின் எண்ணிக்கையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர், டிஸ்பாட்ச் படகுக்குள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஆட்களை எட்டிப் பார்ப்பது குறைவு. படகு வந்தது, உறை பிரிந்தது, அடுத்த சண்டை தொடங்கியது. அந்த வாழ்க்கை தெரிய வேண்டுமானால் 'டிராவலர்' என்ற விளையாட்டைப் பார்க்கலாம். நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதை வளர்க்கும் விளையாட்டு. 1977இல் அமெரிக்காவில் வந்தது. அதில் ஒரு பேரரசு இருக்கிறது. ஒரு கப்பல் குதித்தால், எவ்வளவு தூரமானாலும் ஒரு வாரம் ஆகும். ஆகவே எல்லையில் கலகம் என்றால் தலைநகரத்துக்குத் தெரியப் பல மாதம். அரசு எக்ஸ்-போட் என்ற அஞ்சல் கப்பல்களை வழிநெடுக நிறுத்தி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரே குதியில் பதின்மூன்று ஒளியாண்டு போகும். ஆனால் குதித்து விழுந்த இடத்தில் நகர அதற்கு எஞ்சின் கிடையாது. தாய்க்கப்பல் ஒன்று தேடி வந்து தூக்கிக்கொள்ளும் வரை மிதந்துகொண்டிருக்க வேண்டியதுதான். சேதி மட்டும் ரேடியோவில் அடுத்த எக்ஸ்-போட்டுக்கு மாறும். சில மணி நேரத்தில் அது குதிக்கும்.

இதைப் படிக்கும் தமிழருக்கு ஈட்டியில் சலங்கை கட்டிக்கொண்டு ஓடிய தபால் ரன்னர் நினைவு வரும். ரன்னர் தன் எல்லை வரை ஓடுவார், பை அடுத்தவர் தோளுக்கு மாறும், அவர் ஓடத் தொடங்கும்போது முதல் ஆள் மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். ஆள் நின்றாலும் பை நிற்காது. எக்ஸ்-போட் மாலுமியும் அதே மரத்தடியில்தான் இருக்கிறார். மரம்தான் இல்லை.

தூதன் கதாநாயகனாவது தமிழ் வாசகருக்குப் புதிதும் அல்ல. 'பொன்னியின் செல்வன்' தொடங்கும்போது வந்தியத்தேவன் யார்? காஞ்சியிலிருந்து ஆதித்த கரிகாலனின் ஓலைகளைச் சுமந்து வரும் கூரியர். ஒன்று தஞ்சையில் சக்கரவர்த்திக்கு, மற்றது குந்தவைக்கு. சோழ நாட்டு அரசியல் முழுவதும் அவன் இடுப்புக் கச்சையில் இருக்கிறது. பிறகு ஈழத்துக்குப் போக வேண்டியபோது கோடிக்கரையில் படகு வலிக்கப் பூங்குழலி வருகிறாள். சேதி, அதைச் சுமப்பவன், கலத்தைச் செலுத்துபவள் என்று மூன்றையும் கல்கி 1950களிலேயே கச்சிதமாக அமைத்துவிட்டார். அறிவியல் புனைகதைக்காரர்கள் கேட்டால் பூங்குழலியின் படகுக்கு ஒரு எஞ்சின் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நிஜக் கடலில் சேதிக்கப்பலின் காலத்தை முடித்தது கம்பி. 1870இல் கடலடித் தந்திக் கம்பி பம்பாயைத் தொட்டதும், லண்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையே மாதக்கணக்கு மணிக்கணக்கானது. அதன் அடி யாருக்கு விழுந்தது என்பதற்கு நம் ஊரே அறிந்த ஒரு கப்பல் சாட்சி. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு மறைந்த ஜெர்மன் கப்பல் எம்டன். கில்லாடி ஆளை "சரியான எம்டன்" என்று சொல்லும் வழக்கு அந்த ஒரு ராத்திரியில் பிறந்தது. வங்காள விரிகுடாவில் அது எங்கே இருக்கிறது என்று பிடிக்க முடியாமல் பல கப்பல்கள் அலைந்தன. நவம்பர் 9 அன்று எம்டன் கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தையே அழிக்கப் போனது. கரையில் ஆட்கள் இறங்குவதற்குள், அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று நிலையத்தார் சேதி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி சில மணி நேரத்தில் வந்து நின்றது. எம்டன் அங்கேயே முடிந்தது. அந்தச் சேதி கடலூர்க் காலத்து முறையில் கப்பலேறிப் போயிருந்தால், சிட்னி வருவதற்குள் எம்டன் ஆயிரம் மைல் தள்ளிப் போயிருக்கும்.

புனைகதையிலும் இந்தத் தந்தி உண்டு. உர்சுலா லெ குவின் 1966இல் ஆன்சிபிள் என்ற கருவியைக் கற்பனை செய்தார். எத்தனை ஒளியாண்டு தூரமானாலும் நொடியில் பேசலாம். பெயர் பிடித்துப்போய் வேறு எழுத்தாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ராணுவக் கதை எழுதுகிறவர்களில் பலர் வேண்டுமென்றே இதை ஒதுக்குகிறார்கள். காரணம் தொழில் ரகசியம் போன்றது. ஆன்சிபிள் வந்துவிட்டால் எல்லையில் இருக்கும் கேப்டன் எதற்கெடுத்தாலும் தலைநகரத்தைக் கேட்பார். கேட்டால் அவர் குமாஸ்தா. கேட்க முடியாதபோதுதான் அவர் தளபதி. கடலூரில் ஸ்டூவர்ட்டுக்கு ஒரு போன் இருந்திருந்தால் கதையே இல்லை, சாவுகளும் இருந்திருக்காது.

கம்பி வந்த பிறகும் சேதியைக் கையில் கொண்டுபோகும் வேலை ஒழியவில்லை என்பது இன்னும் சுவையான விஷயம். 2002இல் அமெரிக்க ராணுவம் 'மிலெனியம் சேலஞ்ச்' என்ற மாபெரும் போர்ப்பயிற்சி நடத்தியது. எதிரி வேடம் போட்டவர் பால் வான் ரைப்பர் என்ற ஓய்வுபெற்ற ஜெனரல். தன் ரேடியோவை ஒட்டுக் கேட்பார்கள் என்று தெரிந்து, அவர் கட்டளைகளை மோட்டார் சைக்கிள் ஆட்களிடம் கொடுத்து அனுப்பினார். உலகத்திலேயே விலை உயர்ந்த ஒட்டுக்கேட்புக் கருவிகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பயிற்சிக் கணக்கில் 16 கப்பல்கள் மூழ்கின. நடத்தியவர்கள் கப்பல்களை மறுபடி மிதக்கவைத்துப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். பயிற்சி என்பதால் அந்த வசதி இருந்தது.

சேதி மிகப் பெரிதாகிவிட்டாலும் வண்டிதான் கதி. 2016இல் அமேசான் நிறுவனம் ஸ்னோமொபைல் என்று ஒன்றை அறிமுகப்படுத்தியது. 45 அடி கன்டெய்னர் ஏற்றிய லாரி, உள்ளே முழுக்கக் கணினிச் சேமிப்பகம், கொள்ளளவு 100 பெட்டாபைட். வினாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகமுள்ள இணைப்பில் அவ்வளவு தரவையும் அனுப்பினால் ஏறக்குறைய 25 ஆண்டு ஆகும். லாரியோ சில வாரத்தில் கொண்டுபோய்விடும் என்றார்கள். நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள். எது வந்தாலும் கடைசியில் லாரிதான் வேண்டும் என்று அவர்கள் எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தான்.

2019 ஏப்ரலில் உலகமே பார்த்த கருந்துளைப் படத்துக்குப் பின்னாலும் இதே கதைதான். 2017 ஏப்ரலில் உலகின் பல மூலைகளில் இருந்த ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் கண்காணித்துச் சேர்த்த தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிது. வன்தட்டுகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, விமானத்தில் ஏற்றி, அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த இரண்டு ஆய்வு மையங்களுக்கு அனுப்பினார்கள். தென்துருவத் தொலைநோக்கியின் பெட்டிகள் மட்டும் கிளம்பவில்லை. அங்கே குளிர்காலம் தொடங்கியிருந்தது, விமானம் இறங்காது. மற்ற எல்லா ஊர்த் தட்டுகளும் வந்து சேர்ந்து காத்திருக்க, தென்துருவத்துப் பெட்டிகள் இருட்டில் பனிக்கு நடுவே உட்கார்ந்திருந்தன. அவை வந்து சேர்ந்தது 2017 டிசம்பரில். எட்டு மாதம். கடலூருக்கு மேடியா கொண்டுவந்த சேதிக்குக்கூட ஐந்து மாதம்தான் ஆனது.